நனைந்த பலூன்

“இன்னா சார் பண்றீங்க? அத்தப் போய் தண்ணில முக்குறீங்க!”

முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள்... கோபத்திலும் ஈரமாகவே இருந்தன. பார்த்திபனின் கை உப்புநீர்க் கிண்ணத்தின் மேல் நின்றுவிட்டது.

கும்மிடிப்பூண்டி ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு அது முதல் நாள். மேசையில் மயக்கத்தில் ஒரு பன்றி. சுருங்கவைத்த அதன் கால் ரத்தக்குழாய்க்குள் மருந்து பூசிய பலூனை நுழைத்து விரிக்க வேண்டும்; குழாய் மீண்டும் சுருங்காமல் அந்த மருந்து தடுக்கிறதா என்பதே சோதனை. ஆஸ்பத்திரியில் சாதாரண பலூன்களை நனைத்துத் துடைத்தே பழகிய கை அவனுடையது. இதை நனைத்தால் மருந்து போய்விடும்.

அந்தக் கண்களுக்குரியவள், பன்றிகளைப் பராமரிக்கும் ஹெலன், வேறு பலூனை நீட்டினாள்.

“காலைல ரெண்டு பன்னிக்கும் இப்பிடித்தான் பண்ணீங்களா?”

எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

“இல்ல” என்றான். பொய்.

அதன்பின் இருபத்தெட்டு நாட்கள் காத்திருப்பு... ஐப்பசி மழை. மாலையில் இருவரும் ஸ்டேஷன் டீக்கடையில் ஒதுங்குவார்கள்.

“முக்குற சாரே, டீல பன்னு முக்குறீங்களா? பாத்து, அதுவும் கரைஞ்சிடப் போவுது!”

அவள் சிரித்தால் மழைச் சத்தம் கேட்காது அவனுக்கு. ஒருநாள் அவள் சிரிக்கவில்லை.

“எங்கப்பாக்கு கால் ரத்தக்கொழா சுருங்கிப்போச்சு சார். தொறந்தாங்க... திரும்ப அடைச்சிக்கிச்சு. மொதல்ல வெரலு, அப்பால முழங்காலு... தை மாசம் அவரே போய்ட்டாரு. இந்த பலூனு யாரு காலையாச்சும் காப்பாத்தணும்.”

சொல்லிவிடலாமா? சொன்னால் இந்தக் கண்கள் மறுபடி தன்னைப் பார்க்குமா...? டீயோடு சேர்த்து விழுங்கினான்.

இருபத்தெட்டாம் நாள் மூன்று பன்றிகளின் கால் ரத்தக்குழாய்களையும் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். இரண்டின் குழாய்கள் மீண்டும் சுருங்கியிருந்தன. பிறகு, விதிப்படி மூன்றையும் கொன்று குழாய்களை வெட்டியெடுத்தார்கள்.

“மருந்து வேலை செய்யல. இதோட நிறுத்திடலாம்” என்றார் ஆய்வை நடத்திய டாக்டர்.

காலியான கொட்டிலைக் கழுவிக்கொண்டிருந்த ஹெலனின் தோள்கள் குலுங்கின. பார்த்திபன் டாக்டரின் அறைக்குப் போய்விட்டு, நேராக அவளிடம் வந்தான்.

“ஹெலன்... அந்த ரெண்டு பலூனையும் நான் நனைச்சுட்டேன். மருந்து மேல தப்பில்ல. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். திரும்ப டெஸ்ட் பண்ணுவாங்க. எனக்கு... இன்னியோட வேலை இல்ல.”

குழாய் நீர் ஓடிக்கொண்டே இருந்தது.

“திரும்பன்னா... இன்னும் ரெண்டு சாவணும், இல்ல?”

அவன் தலைகுனிந்தான். “மொத நாளு வீம்பு. அப்பால பயம். உன்ன பிடிச்சுப்போச்சு ஹெலன்...”

அவள் குழாயை மூடினாள்.

“ரெண்டுக்கும் தெனம் வாழப்பழம் ஊட்டினது நானு. உங்கள எவ்ளோ திட்டணும் தெரியுமா? வாயே வர மாட்டேங்குது...” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கும் பிடிச்சிருக்குது. அதான் சார் பேஜாரா இருக்குது.”