ஓட்டைவாயும் வாயில்லாத கிட்டாரும்

அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் அவள் ஓட்டைவாய்தான்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அப்பாவின் பிறந்தநாளுக்கு முதல் நாள், "அப்பா, நாங்க உங்களுக்கு நீலச் சட்டை எதுவும் வாங்கி பீரோ மேல ஒளிச்சு வைக்கலை" என்று தானாகவே போய்ச் சொன்னவள் அவள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம், "நீங்க எப்ப கிளம்புவீங்கன்னு அம்மா உள்ள கேட்டுட்டே இருக்காங்க" என்று சொன்னவளும் அவள்தான். அன்றைக்கு அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்!

அதனால்தான் அன்று காலை, சித்தியோடு கிட்டார் கடைக்குக் கிளம்பியவளை அம்மா சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"இங்க பாரு. கடையில அந்த வார்த்தை மட்டும் உன் வாயிலேருந்து வரக் கூடாது."

"எந்த வார்த்தை?"

"உனக்கே தெரியும்."

"ஊளையா?"

"உஷ்!" அம்மா பதறிப்போய் வெளியே எட்டிப் பார்த்தார். நல்லவேளை, சித்தி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். சித்தி பகலில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கிட்டாரை எடுத்து வைத்துக்கொண்டு பாடுவார். அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டுதான் ஓட்டைவாய் வீட்டுப்பாடம் எழுதுவாள்.

போன மாதம் சித்தி முதல்முறையாக ஒரு பெரிய அரங்கத்தில் மேடை ஏறினார். பாட்டு பாதியில் இருக்கும்போது கிட்டாரிலிருந்து "ஊஊஊ" என்று ஒரு சத்தம் கிளம்பியது. சித்தி கம்பிகளிலிருந்து கையை எடுத்தார். அப்படியும் அது நிற்கவில்லை. போகப் போகப் பெரிதாகியது. முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் நாய் மாதிரியே பதில் ஊளை விட்டான். அரங்கமே சிரித்தது. சித்தி பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

அன்றிலிருந்து கிட்டார் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வீடு உம்மென்று இருந்தது. ஓட்டைவாய்க்குக் கணக்குகூட ஓடவில்லை.

இப்போது அதே அரங்கத்துக்காரர்கள் வரும் சனிக்கிழமை பாட மறுபடியும் கூப்பிட்டிருந்தார்கள்.

"இன்னிக்குப் போய்ப் பாக்கறேன். நல்ல கிட்டாரா அமைஞ்சா பாடறேன். இல்லைன்னா ராத்திரியே வர முடியாதுன்னு சொல்லிடுவேன். அதுக்கப்புறம் இந்த மேடை ஆசையே வேண்டாம்" என்று சித்தி சொல்லியிருந்தார். சித்தி சொன்னால் சொன்னதுதான்.

"சத்தியமா அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டேன்மா" என்று ஓட்டைவாய் அம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

கிட்டார் கடை வாசலில் ஒரு பழுப்பு நாய் குறுக்கே படுத்திருந்தது.

"பாத்து, தாண்டி வாங்க மேடம்" என்றபடி கடைக்காரர் எழுந்து வந்தார். "அவன்தான் எங்க மேனேஜர். ஒண்ணும் செய்ய மாட்டான். எந்த வேலையும்தான்."

உள்ளே சுவர் முழுக்கக் கிட்டார்கள் கொடியில் காயப் போட்ட துணி மாதிரி வரிசையாகத் தொங்கின.

"எந்த மாதிரி பாக்கறீங்க?"

"மேடையில வாசிக்கிறதுக்கு. நல்லதா ஒண்ணு" என்றார் சித்தி.

"அருமை!" என்று கடைக்காரர் ஒன்றை எடுத்துத் தந்தார். சித்தி ஒரு ராகத்தை வாசித்துப் பார்த்ததும் கடைக்காரர் "அருமை!" என்றார். இன்னொன்றைக் கொடுத்தார். சித்தி கம்பியை முறுக்கத்தான் செய்தார், வாசிக்கவே இல்லை. அதற்கும் "அருமை!" என்றார்.

"பழைய கிட்டார்ல என்ன பிரச்சினை மேடம்?"

"பிரச்சினையா? சேச்சே, ஒண்ணும் இல்லை. சும்மா, புதுசா ஒண்ணு வாங்கலாம்னுதான்."

ஓட்டைவாய்க்கு நாக்கு அரித்தது. சொல்லிவிடுவோமோ என்று பயமாகவும் இருந்தது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாப்பாவுக்குப் பல் வலியா?" என்று கடைக்காரர் கேட்டார். அவள் ஆமாம் என்றும் இல்லை என்றும் சேர்த்துத் தலையாட்டினாள்.

"இன்னும் ஒண்ணு உள்ள இருக்கு" என்று கடைக்காரர் பின்னறைக்குள் போனார்.

அவர் தலை மறைந்ததுதான் தாமதம். வாசலில் படுத்திருந்த மேனேஜர் எழுந்து உட்கார்ந்து, கழுத்தை நீட்டி, "ஊஊஊ" என்றது.

சித்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பிகளிலிருந்து கையை எடுத்தார். மடியிலிருந்த கிட்டார் நழுவி விழப் பார்த்தது.

"டேய், இங்கதான்டா இருக்கேன்!" என்று கடைக்காரர் ஓடி வந்தார். அவரைப் பார்த்ததும் நாய் மறுபடி படுத்துக்கொண்டது. "மன்னிச்சுக்கோங்க மேடம். நான் கண்ணுல படலைன்னா அவனுக்குத் தாங்காது."

"பரவாயில்லை" என்று சித்தி சிரித்தார். ஆனால் அவசரமாகக் கைப்பையைத் திறந்தார். "எனக்கு இதுவே போதும். பில் போட்டுடுங்க."

ஓட்டைவாய் அந்தக் கிட்டாரைப் பார்த்தாள். அதே பெரிய வயிறு. நடுவில் அதே பெரிய ஓட்டை. வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் கிட்டாரின் கூடப் பிறந்த அண்ணன் போல இருந்தது. இதுவும் ஊளை விட்டால்? சித்தி இனி பாடவே மாட்டார்.

சொல்லவும் கூடாது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. ஓட்டைவாய் நன்றாக யோசித்தாள். பிறகு சித்தியின் கைப்பையைப் பிடித்து இழுத்தாள்.

"சித்தி, உங்க கடைக்கு வர்றவங்கள்ல சில பேர், எழுத்து தெரியாமலே தெரியுதுன்னு சொல்வாங்கன்னு சொன்னீங்களே?"

"ஆமா. வெக்கப்பட்டுக்கிட்டுக் குத்துமதிப்பா சொல்வாங்க. அதுக்கென்ன இப்ப?"

"அவங்ககிட்ட நீங்க என்ன சொல்வீங்க?"

"என்ன சொல்வேன்? வெக்கப்படாதீங்க, தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க, அப்பதான் சரியான கண்ணாடி குடுக்க முடியும்னு..." சித்தி பாதியில் நிறுத்தினார். குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"நான் ஒண்ணுமே சொல்லலை" என்று ஓட்டைவாய் அவசரமாகச் சொன்னாள். "அம்மாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அதான் வாயைப் பொத்திட்டு நின்னியா?"

அவள் தலையாட்டினாள். சித்தி ஒரு பெருமூச்சு விட்டார். கிட்டாரை மேசை மேல் வைத்தார்.

"அண்ணா, உண்மையைச் சொல்லிடறேன். போன மாசம் மேடையில என் கிட்டார் ஊளை விட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நான் பாதியிலயே இறங்கி வந்துட்டேன். எனக்கு ஊளை விடாத கிட்டார் வேணும்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. 'அருமை' என்றும் சொல்லவில்லை.

"அடடா, வந்ததுமே சொல்லியிருக்கலாமே மேடம்! இது வேண்டாம்" என்று அந்தப் பெரிய கிட்டாரை எடுத்துச் சுவரிலேயே மாட்டினார். அந்தக் கடையில் 'வேண்டாம்' என்ற வார்த்தையை அப்போதுதான் கேட்டார்கள்.

"உங்களுக்குக் கேக்கறதுக்காக உங்க காலடியிலயே ஒரு ஸ்பீக்கர் வெச்சிருப்பாங்க இல்லையா? அந்தச் சத்தம் இந்த ஓட்டை வழியா கிட்டார் வயித்துக்குள்ள போகும். வயிறு அதிரும். அந்த அதிர்வு திரும்ப ஸ்பீக்கருக்குப் போகும். அங்கேருந்து இன்னும் பெருசா இங்க வரும். இப்படியே சுத்திச் சுத்தி வந்தா ஊளைதான்."

"அப்ப காதுல விழுந்ததை அப்படியே திரும்பச் சொல்லிடுதா?" ஓட்டைவாய்க்கு ஒரே சந்தோஷம். "சித்தி, கிட்டாருக்கும் ஓட்டைவாய்!"

"வாயை மூட ரப்பர் மூடி இருக்கு. ஓரளவுக்கு அடக்கும்" என்றார் கடைக்காரர். "நீங்க மெதுவான பாட்டு மட்டும்தான் பாடுவீங்களா?"

"முதல்ல மெதுவா ஒரு பாட்டு. கடைசியில டிரம்ஸோட ஒரு பாட்டு. அதுல சத்தம் ரொம்ப இருக்கும்."

"அப்ப மூடி பத்தாது. உங்களுக்கு மரக் கிட்டாரும் எலெக்ட்ரிக் கிட்டாரும் கலந்த கிட்டார்தான் வேணும். இருங்க." பின்னறைக்குக் கிளம்பியவர் வாசலைப் பார்த்தார். "மேனேஜர், நீயும் வா." நாய் வாலாட்டிக்கொண்டு கூடவே போனது.

இரண்டு ஒல்லிக் கிட்டார்களோடு அவர் திரும்பி வந்தார். ஒன்று பளபளவென்று சிவப்பு. இன்னொன்று சாதாரணப் பழுப்பு. இரண்டிலும் ஓட்டையே இல்லை.

"ஐயோ, இதுங்களுக்கு வாயே இல்லை!" என்றாள் ஓட்டைவாய்.

"வாயில்லா ஜீவன்கள்" என்று கடைக்காரர் சிரித்தார். "இந்த ஸ்விட்சை இப்படித் தள்ளினா மரக் கிட்டார் சத்தம். அப்படித் தள்ளினா எலெக்ட்ரிக் கிட்டார் சத்தம். நடுவுல வெச்சா ரெண்டும் சேர்ந்து வரும்."

சித்தி சிவப்பை எடுத்து வாசித்தார். கொசு பாடுவது மாதிரி இருந்தது.

"ஸ்பீக்கர்ல மாட்டினாதான் மேடம் இதுக்கு உயிரே வரும். மாட்டிட்டேன். ஸ்பீக்கருக்கு முன்னாடியே போய் நில்லுங்க."

சித்தி தயங்கித் தயங்கிப் போய் நின்றார். கடைக்காரர் சத்தத்தைக் கூட்டினார். ஓட்டைவாய் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஊளை வரவில்லை. இன்னும் கூட்டினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்படியும் வரவில்லை. பழுப்பையும் மாட்டிப் பார்த்தார்கள். அதுவும் சமர்த்தாக இருந்தது.

"அப்பாடா!" என்று சித்தி நாற்காலியில் சாய்ந்தார். போன மாதத்திலிருந்து அடைத்துக்கொண்டிருந்த மூச்சு இப்போதுதான் வெளியே வந்தது போல இருந்தது. "எதை எடுக்கறது?"

"சிவப்பு! சிவப்பு!" என்று ஓட்டைவாய் குதித்தாள். பிறகு அவளுக்கே ஒரு யோசனை வந்தது. "சித்தி, கண் பரிசோதனை மாதிரி பண்ணலாமா? நான் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கறேன்."

கடைக் கோடிக்குப் போய் முதுகைக் காட்டி நின்றாள். சித்தி ஒன்றை வாசித்தார். அடுத்ததை வாசித்தார்.

"இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" வேலை செய்யும் இடத்தில் கேட்கும் அதே குரலில் சித்தி கேட்டார்.

"ரெண்டாவது."

சித்தி மாற்றி மாற்றி வாசித்துக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் ஓட்டைவாய் ஒரே கிட்டாரைத்தான் சொன்னாள். சிவப்பாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே திரும்பினாள். அவள் சொன்ன கிட்டாரைச் சித்தி தூக்கிக் காட்டினார். அது பழுப்பு.

அவள் முகம் தொங்கிப்போனது. "நிஜத்தைச் சொல்லணுமா?"

"ஏன், நீயும் குத்துமதிப்பா சொல்லப் போறியா?"

"பழுப்புதான் சித்தி. சிவப்புல மரச் சத்தம் தகரம் மாதிரி கேக்குது. பழுப்புல, நீங்க வீட்ல வாசிக்கிற மாதிரியே கேக்குது."

"அருமை!" என்றார் கடைக்காரர். இந்தத் தடவை மனசார.

சனிக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. கடைக்காரரும் வந்திருந்தார். மேனேஜரை வாசல் கேட்டில் கட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார்.

சித்தி முதல் பாட்டைத் தொடங்கினார். அம்மா ஓட்டைவாயின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். காலடியில் ஸ்பீக்கர். ஊளை இல்லை. பாட்டு முழுசாக முடிந்தது. கைதட்டல் எழுந்தது. அம்மாவின் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

கடைசிப் பாட்டுக்கு சித்தி ஸ்விட்சைத் தள்ளினார். டிரம்ஸ் அதிர, கிட்டார் கிண்ணென்று ஒலித்தது. பாட்டின் நடுவில் டிரம்ஸ் ஒரு நொடி ஓய்ந்தது.

"ஊஊஊ!"

சித்தியின் கை அப்படியே நின்றுவிட்டது. அரங்கம் கப்சிப் ஆனது. அம்மா கண்களை மூடிக்கொண்டார்.

"ஊஊஊ!"

இந்தக் குரலை ஓட்டைவாய் இதற்கு முன் கேட்டிருக்கிறாள். அவள் நாற்காலி மேல் ஏறி நின்று, தன் வாயை முழுசாகத் திறந்து கத்தினாள்.

"சித்தி! கிட்டார் இல்லை! மேனேஜர்!"

சித்தி கிட்டாரைப் பார்த்தார். வாசல் பக்கம் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மைக்கின் பக்கம் குனிந்தார்.

"மன்னிக்கணும். இந்த முறை ஊளை விட்டது என் கிட்டார் இல்லீங்க. வெளியே எங்க மேனேஜர்!"

அரங்கம் வெடித்துச் சிரித்தது. இன்று முதலில் சிரித்தது சித்திதான். கடைக்காரர் "இதோ வந்துட்டேன்டா!" என்று வெளியே ஓடினார். சித்தி பாட்டை முதலிலிருந்து தொடங்கினார். கடைசி வரை பாடினார்.

எல்லாம் முடிந்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உன்கிட்ட என்ன சொன்னேன் நான்?" என்றார்.

"நான் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லைமா! சித்திதான் மைக்லயே சொன்னாங்க."

முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி சித்தியிடம் ஓடி வந்தாள். "அக்கா, அந்த மேனேஜர் யாரு? உங்க கிட்டாருக்கு ஏன் ஓட்டையே இல்லை?"

சித்தி ஓட்டைவாயின் தோளில் கை போட்டு அவளை முன்னால் நிறுத்தினார். "இவகிட்ட கேளு. இன்னிக்கு எல்லாத்தையும் சொல்லலாம்."

"எல்லாத்தையுமா?" ஓட்டைவாயால் நம்ப முடியவில்லை.

"எல்லாத்தையும்."

அவள் அப்பாவின் நீலச் சட்டையிலிருந்து ஆரம்பித்தாள். காவலாளி அரங்கத்தின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தார். கடைசி விளக்கை மட்டும் அணைக்காமல், அதன் அடியில் நின்று அவரும் கதை கேட்க ஆரம்பித்துவிட்டார்.