சிவக்காத முகம்

பள்ளி வாசலில் இருந்த குருதிநோக்கி, கோகிலவாணியின் முகத்தைப் பார்த்ததும் சிவப்பு விளக்கை எரியவிட்டது.

"கடுங்கோபம். குழந்தையை ஒப்படைக்க இயலாது. மனம் தணிந்தபின் வரவும்" என்றது அதன் குரல்.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மகள் தாரகை புத்தகப் பையோடு நின்றிருந்தாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை. மற்ற குழந்தைகள் அம்மாக்களின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

"கோபமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. வெயில்ல நடந்து வந்தேன். எம் மூஞ்சி எப்பவுமே இப்படித்தானுங்க" என்று காவலாளியிடம் மன்றாடினாள் வாணி.

"எனக்குத் தெரியாதுங்களா அம்மணி? மெசின் பச்சை காட்டுனாத்தான் கதவு தொறக்கும். நான் என்ன பண்ணட்டும்?"

குரலையும் உருவத்தையும் எவரும் போலியாகச் செய்துவிடலாம் என்று ஆன பிறகு, நம்புவதற்கு மிஞ்சியது தோலுக்கடியில் ஓடும் ரத்தம் ஒன்றுதான். கோபத்தில் அது முகத்துக்குப் பாயும், பயத்தில் வடியும், பொய் சொன்னால் தடுமாறும். அந்த ஓட்டத்தைத் தள்ளி நின்றே படித்துச் சொல்லும் குருதிநோக்கிகள் கோயம்புத்தூர் முழுக்க வந்துவிட்டன. வங்கிக்குள் நுழையவும் ரயிலேறவும் அவற்றின் பச்சை விளக்கு வேண்டும்.

வாணிக்கு ரோசேசியா. கன்னத்திலும் மூக்கிலும் மெல்லிய ரத்தக் குழாய்கள் விரிந்தே கிடக்கும் தோல் நோய். வெயில் பட்டாலும், சூடாகக் காபி குடித்தாலும் முகம் தணலாகிவிடும். அன்று அவள் கணவன் சிவநேசன் திருப்பூரிலிருந்து வந்துதான் குழந்தையை அழைத்துப் போக முடிந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் குழந்தைகள் நலத்துறைக்குத் தகவல் போகும் என்றார் தலைமையாசிரியை. மகளைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் அந்தக் கணம் வாணியைப் பற்றிக்கொண்டது. அடுத்த வாரமே அவள் டாக்டர் ஹெப்சிபாவின் முன் உட்கார்ந்திருந்தாள்.

"குழாய்ல ஓடுற ரத்தம் இந்த லேசர் ஒளியை உறிஞ்சிக்கும். சூடாகி, குழாய் சுருங்கி மூடிக்கும்" என்றார் டாக்டர். "பழைய கருவியில சிவப்பு குறையும், அவ்வளவுதான். இது புதுசு. ஒளிமுத்திரைன்னு பேரு. முகத்துல ரத்தம் ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. எப்பவும் ஒரே சீரா ஓடும்."

"பயந்தாக்கூட, வெக்கப்பட்டாக்கூடங்களா?"

"அது எதுக்கும்மா உங்களுக்கு? நோயே இல்லாதவங்ககூட வேலைக்கு இன்டர்வியூ போறதுக்கு முந்தி வந்து பண்ணிட்டுப் போறாங்க."

கண்களை மூடி உலோகக் கவசம் வைத்தார்கள். குளிர்ந்த களிம்பு தடவினார்கள். ஒவ்வொரு ஒளித்துடிப்பும் ரப்பர் வளையத்தை இழுத்து விட்டதுபோல் சுளீரென்று விழுந்தது. சில அமர்வுகளில் கன்னம் வெளுத்தது. அதன் பிறகு எல்லா வாசல்களும் அவளுக்குப் பச்சை காட்டின. பள்ளிக் கதவு திறந்தபோது தாரகை ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வாணிக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதும் விளக்கு பச்சையாகவே எரிந்தது.

மழைக்காலத்தில் ஒரு மாலை, கடையிலிருந்து இருவரும் திரும்பினார்கள். அடுக்ககத்தின் லிஃப்டுக்குள் தாரகை முதலில் ஓடி ஏறினாள். வாணி பைகளை எடுப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் அரை ஆள் உயரம் எழும்பி, ஒரு குலுக்கலோடு நின்றது. கதவிலிருந்த நீளக் கண்ணாடிக்குப் பின்னால் குழந்தையின் முகம் தெரிந்தது. அதற்கும் பின்னால் சாம்பல் நிறத்தில் புகை இறங்கியது.

"தாரகை!"

எதிரிலேயே அவசரத் தூண் நின்றது. போலிக் குரல்களை நம்பித் தீயணைப்பு வண்டிகள் வீணாக அலைந்த காலத்துக்குப் பிறகு, தொலைபேசி அழைப்பை யாரும் ஏற்பதில்லை. தூணின் முன் நிற்பவர் முகத்தில் அச்சம் தெரிந்தால்தான் வண்டி கிளம்பும்.

"எம் புள்ளை உள்ள மாட்டிக்கிச்சு! புகை வருது! சீக்கிரம் வரச்சொல்லுங்க!"

பச்சை விளக்கு எரிந்தது. "அச்சம் இல்லை. அழைப்பு ஏற்கப்படவில்லை."

அவள் தூணை அறைந்தாள். அலறினாள். "அச்சம் இல்லை" என்றது அது மறுபடியும்.

சத்தம் கேட்டு மேல்மாடிகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். அடுக்ககச் சங்கத் தலைவர் நஞ்சப்பன் விளக்கைப் பார்த்துவிட்டு நின்றார்.

"பதறாதீங்க அம்மணி. பச்சைதானே காட்டுது?"

"அதை ஏனுங்க பார்க்கறீங்க? புள்ளையப் பாருங்க!"

கண்ணாடியைப் பார்த்த நஞ்சப்பன் பதறிப்போய் ஓடிவந்தார். தூணின் முன் அவரே போய் நின்றார். பச்சை. அவர் மனைவியை முன்னால் தள்ளிவிட்டார்கள். பச்சை. கல்லூரிப் பெண் ஒருத்தி, வங்கிக்காரர், அவர் தம்பி என்று ஒவ்வொருவராக முகத்தைக் காட்டினார்கள். அத்தனைக்கும் பச்சை. போன தீபாவளிக்குச் சங்கமே ஒளிமுத்திரை முகாம் நடத்தியிருந்தது, ஒருவர் பாக்கியில்லை. வெளுத்த, சீரான முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அங்கே யாரும் வரப்போவதில்லை என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

"கடப்பாரை எடுங்கடா!" என்று கத்தினார் நஞ்சப்பன்.

தோட்டத்திலிருந்து கொண்டுவந்த கடப்பாரையைக் கதவிடுக்கில் செருகி நெம்பினார்கள். கதவு அசையவில்லை. மறுபடி நெம்பினார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இப்போது புகை மட்டுமே தெரிந்தது. வாணி விரல்களை இடுக்கில் நுழைத்து இழுத்தாள். நகம் பிய்ந்தது தெரியவில்லை. கடைசியில் கதவு கிறீச்சிட்டு விலகியது. தரையில் துவண்டு கிடந்த குழந்தையை இழுத்தெடுத்து, நஞ்சப்பனின் காரில் மருத்துவமனைக்கு விரைந்தார்கள்.

தாரகை பிழைத்துக்கொண்டாள். மறுநாள் காலை பிராணவாயு முகமூடியைக் கழற்றியதும் வாணி அவள் நெற்றியைத் தடவினாள்.

"நெம்பப் பயந்துட்டியா சாமி?"

"மொதல்ல பயந்தேன். கதவைத் தட்டிக் கத்தலாம்னு இருந்தேன். அப்புறம் கண்ணாடி வழியா உன்னையப் பார்த்தேன். பச்சை எரிஞ்சுது."

"ம்..."

"பச்சைன்னா பயப்பட ஒண்ணுமில்லைன்னு மிஸ் சொல்லியிருக்காங்கல்ல? அதான் கத்தாம உக்காந்துட்டேன். அப்புறம் தூக்கமா வந்துச்சு."

வாணி மகளின் சின்னக் கையை எடுத்துத் தன் நெஞ்சில் அழுத்தி வைத்தாள். இதயம் இன்னும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

தாரகை கையை எடுக்காமல் அம்மாவின் எதுவுமே காட்டாத முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏம்மா, உனக்கு உடம்பு சரியில்லையா?"