ஐந்தாம் நம்பர் பாட்டில்

காலை ஒன்பது பத்து.

பல்கலைக்கழக வேதியியல் துறையின் மாடிப்படியில் ஒரு பிணம் கிடந்தது!

மல்லாக்க... வாயைப் பிளந்தபடி... தொப்பி ஒரு படியில், விசில் இன்னொரு படியில்.

இன்ஸ்பெக்டர் குனிந்து நாடி பிடித்தார்.

பிணம் தும்மியது!

அது துறையின் வாட்ச்மேன். வெறும் மயக்கம்தான்.

"மேல போகாதீங்க சார். அஞ்சாம் நம்பர் உடைஞ்சிருக்கு," என்று சொல்லிவிட்டு மறுபடியும் மயங்கினார்.

விஷயத்தை மூக்கைச் சிந்தியபடி விளக்கியவள், போலீசுக்கு போன் செய்த ஆய்வு மாணவி.

ஊர் ஓரத்தில் ஒரு பசை ஃபேக்டரி. நாற்றம் தாங்கவில்லை என்று பக்கத்துத் தெருக்காரர்கள் புகார் செய்ய, எங்களுக்கும் நாற்றத்துக்கும் ஸ்நானப்பிராப்திகூட இல்லை என்று ஃபேக்டரி சாதிக்க, நடுவே பல்கலைக்கழகம் புகுந்தது. மூன்று தரப்பும் கைகுலுக்கி ஒரு கூட்டு ஆய்வு ஆரம்பித்தார்கள். தெருவில் ஏழு பேரைப் பொறுக்கி மோப்பக் குழு அமைத்தார்கள். வீட்டுக்கு ஒரு மூக்கு, அதற்கு மேல் கூடாது. தினமும் வாசலில் நின்று மூச்சை இழுத்து, பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மார்க் போட வேண்டும்.

மார்க் பிசகாமல் இருக்க, லேபில் ஐந்து மாதிரி பாட்டில்கள் இருந்தன. ஒன்றாம் நம்பர் சாது. ஐந்தாம் நம்பர் திறந்தால்... காக்கா அந்தப் பக்கம் பறக்காது!

மூன்று வருஷ மார்க்கும் ஒரே பதிவேட்டில் இருந்தது. காப்பி எடுத்தால் திருத்திவிடுவீர்கள் என்று ஃபேக்டரி போட்ட நிபந்தனை. இன்று மாலை நான்கு மணிக்கு எல்லோர் முன்னாலும் அதைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் ஃபேக்டரியின் நாறும் கழிவுத் தொட்டிக்கு மூடி, மாணவிக்கு டாக்டர் பட்டம். இல்லாவிட்டால் ஒப்பந்தம் ரத்து. அவளுடைய மூன்று வருஷ உழைப்பு ஆற்றில் கரைத்த புளி.

அந்தப் பதிவேட்டைத்தான் காணோம்!

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு லேபுக்குள் பாய்ந்தார். பதினோராவது நொடியில் வெளியே வந்தார். கண்ணில் அருவி. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு காகிதப் பொட்டலம்.

உள்ளே அவர் பார்த்தது விசித்திரம். அலமாரி திறந்திருந்தது. தரையெல்லாம் ஈரம். ஆனால் ஒரு கண்ணாடிச் சில்லுகூட இல்லை. எல்லாவற்றையும் கூட்டி அள்ளி, செய்தித்தாளில் மடித்து, நூல் சுற்றிக் குப்பைக்கூடையில் வைத்திருந்தார்கள். துடைப்பம் சுவரோரம் சாய்ந்திருந்தது.

"நின்னு நிதானமா பெருக்கிட்டுப் போயிருக்காங்க. என் ஸ்டேஷன்லகூட இவ்வளவு சுத்தமா பெருக்க மாட்டாங்க," என்றார்.

பெருக்கக் குறைந்தது ஐந்து நிமிஷம். அந்த நாற்றத்தில் ஐந்து நிமிஷம் நிற்கக்கூடிய மனிதப் பிறவி யார்?

முதல் சந்தேகம் ஃபேக்டரி மேனேஜர் மேல் விழுந்தது. கூட்ட ஏற்பாட்டைப் பார்க்க ஃபேக்டரியிலிருந்து நேராக வந்திருந்தார். பதிவேடு தொலைந்தால் லாபமும் அவருக்குத்தான். பசையிலேயே ஊறிய மூக்கு எதையும் தாங்குமே என்று இன்ஸ்பெக்டர் அவரை உள்ளே அனுப்பினார்.

நான்கு நொடி!

வெளியே வந்தவர், காலையில் சாப்பிட்டதை வராந்தாப் பூந்தொட்டியில் ஒப்படைத்தார்.

"எனக்குப் பதிவேடெல்லாம் வேணாம் சார். ஒரு எலுமிச்சம்பழம் இருந்தா குடுங்க."

அடுத்து, ஆய்வின் தலைவரான பேராசிரியர் தானாகவே முன்வந்தார். அறிவியலுக்காக எதையும் தாங்குவேன் என்று உள்ளே போனவர் மூன்றாவது நொடியில் அறிவியலை உள்ளேயே விட்டுவிட்டு வந்தார்.

அப்போதுதான் தெருச் சங்கத் தலைவி படியேறி வந்தார். மோப்பக் குழுவுக்கும் அவர்தான் தலைவி. நாற்றம் அளக்கும் கருவி வைத்துச் சரிபார்த்த நாட்களில் எல்லாம் கருவியும் அவரும் ஒரே மார்க். அப்பேர்ப்பட்ட மூக்கு! பின்னால் குடையும் கையுமாகக் கணவர். அவருக்கும் சேர்த்துத் தலைவியே பேசிவிடுவதால் அவருக்கு வாய் தேவைப்பட்டதில்லை.

மாணவி ஓடிப்போய்த் தலைவியின் தோளில் சாய்ந்து தேம்பினாள்.

"அழாத கண்ணு. எங்க போயிடப் போகுது," என்றார் தலைவி. கைப்பையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது.

துப்புத் துலக்கத் தலைவியின் மூக்கு உதவ வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். முதலில் வாட்ச்மேனின் தொப்பியை நீட்டினார். தலைவி கண்ணை மூடி முகர்ந்தார். கண்ணைத் திறந்து கணவரைப் பார்த்தார். கணவரின் இடது புருவம் சற்றே ஏறியிருந்தது.

"மூணு," என்றார் தலைவி.

பேராசிரியரும் முகர்ந்து பார்த்து மூன்றுதான் என்றார்.

இன்ஸ்பெக்டர் மெல்லக் கணவர் பக்கம் திரும்பினார். "ஐயா, கீழ வாட்ச்மேனுக்கு ஒரு சோடா வாங்கிக் குடுக்கறீங்களா?"

கணவர் இறங்கிப் போனார்.

அடுத்த விநாடி... இன்ஸ்பெக்டர் காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார்!

மேனேஜர் பூந்தொட்டிக்குத் தாவினார். பேராசிரியர் பக்கத்து வகுப்புக்குள் ஓட, அந்த வகுப்பே ஜன்னல் வழியாகக் காலியானது. மாணவி மூச்சடக்கி நீலமானாள்.

தலைவி மட்டும் பொட்டலத்துக்குள் முகத்தைப் புதைத்து ஆழமாக இழுத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். கணவரைக் காணோம்.

"ஒண்ணு," என்றார் தயங்கி. "லேசா... சோப்பு வாசனை."

"பதிவேட்டை எடுங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர், மூக்கைப் பிடித்த குரலில்.

தலைவி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து பதிவேடு வெளியே வந்தது.

"ஆய்வு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஜலதோஷம் வந்துச்சு சார். போகும்போது வாசனையையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. சங்கத் தலைவிக்கே மூக்கு வேலை செய்யலன்னு தெருவுல எப்படிச் சொல்றது? அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து மார்க் போட்டுட்டேன்."

இன்று நான்கு மணிக்கு ஃபேக்டரிக்காரர்கள் முன்னால் ஐந்து பாட்டிலையும் தனியாக முகர்ந்து காட்ட வேண்டும். குழுவில் இல்லாத கணவருக்கு அறைக்குள் அனுமதி கிடையாது. கூட்டத்தைத் தள்ளிப்போடத்தான் பதிவேட்டை எடுத்தாராம். முழங்கை பட்டு பாட்டில் விழுந்தது அவருக்கே எதிர்பாராத விபத்து.

"சில்லு யார் கால்லயாவது குத்திடுமேன்னு பெருக்கினேன். அது நாறும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பூந்தொட்டியிலிருந்து மேனேஜர் தலை நிமிர்த்தினார். மோப்பமே இல்லாதவர் போட்ட மார்க் செல்லாது, ஒப்பந்தம் ரத்து என்றார். மாணவியின் முகத்தில் ரத்தம் வற்றியது. பாவம், மூன்று வருஷம் மழையிலும் வெயிலிலும் அந்தத் தெருவைச் சுற்றியவள்!

சோடாவை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுக் கணவர் திரும்பி வந்தார். கடைசிப் படியில் கால் வைத்ததும் கண் இறுகியது. உதடு கோணியது. காது இரண்டும் பின்னால் போயின.

"அஞ்சு," என்றார் தலைவி, பழக்கதோஷத்தில்.

மாணவி நிமிர்ந்தாள். கருவியோடு ஒத்துப்போன அத்தனை நாளும் அவளுக்கு நினைவு வந்தது. மார்க் எல்லாம் உண்மை. மூக்கின் சொந்தக்காரர்தான் வேறு!

இன்ஸ்பெக்டர் பொட்டலத்தைக் கட்டி வெளியே வீசிவிட்டு ஜன்னல்களைத் திறந்தார். காற்று தெளிந்தது. கணவர் முகமும் தெளிந்தது. சண்டை போடுவதற்காக மேனேஜர் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

கணவரின் காது மறுபடியும் பின்னால் நகர்ந்தது.

"நாலு," என்றார் தலைவி.

மேனேஜர் தன் சட்டைக் கையை மெதுவாக முகர்ந்தார். அதே பசை ஃபேக்டரி நாற்றம். தொட்டிக்கு மூடி போட்டுவிடுகிறோம் என்றார். மாணவி அழுகையும் சிரிப்புமாக, போலீசுக்கு எழுதி வைத்திருந்த திருட்டுப் புகாரைக் கிழித்தாள்.

பேராசிரியருக்கு மட்டும் ஒரு கவலை. "ஆய்வு விதிப்படி சம்மதம் வாங்காம ஒருத்தரைச் சேர்க்கக் கூடாது. ஐயா, இந்த மூணு வருஷத்துக்கும் உங்களுக்குச் சம்மதமா?"

கணவர் அன்று முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியலையா சார், முழுச் சம்மதம்," என்றார் தலைவி. "கையெழுத்து எங்க போடணும்?"