ஒரு சுற்று சின்னது

அந்தச் சத்தம் முதலில் கேட்டபோது ஜெபகனி குனியவுமில்லை, திரும்பவுமில்லை. திருத்திய விடைத்தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு, பாளையங்கோட்டைத் தெருவில் மத்தியானத்தையே இருட்டாக்கிப் பெய்த மழையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். பின்கழுத்துக்குள், சோற்றில் கல்லைக் கடித்தது போல, ஒரு 'டிக்'.

கழுத்தெலும்புகளுக்கு நடுவே தேய்ந்த வட்டை எடுத்துவிட்டுச் செயற்கை வட்டு வைத்து இருபது நாள் ஆகியிருந்தது. விரல் மரமரப்பு போய், மறுபடி கரும்பலகையில் எழுதலாம் என்று நம்பிக்கை வந்திருந்தது. ஆனால் போன வாரம் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபோது அவள் கண்ணுக்கே தெரிந்தது: அகலமான எலும்புகளுக்கு நடுவே உலோகம் சின்னதாக, பெரிய சட்டிக்குப் போட்ட சின்ன மூடி மாதிரி. பெரிய அளவுக்கு இடம் கொள்ளவில்லை, ஒரு சுற்று சின்னதாக வைத்தோம் என்றார் டாக்டர். அது ஒரு நூல் அளவு பின்னால் நகர்ந்திருக்கிறதாம். கை கால் மரத்தால் உடனே வர வேண்டுமாம். பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டாள். தண்டுவடம் என்றார், பேனாவை மூடிக்கொண்டே.

'டிக்.'

கணவர் தேவசிகாமணியைக் கூப்பிட்டாள். அவர் அவளுடைய கழுத்துப் பட்டையைக் கழற்றி, பின்கழுத்தில் காதை வைத்தார். அவர் மூச்சின் சூடு, சட்டையின் ஈர வாடை, ஓட்டில் மழை. இருவரும் அசையவில்லை.

"கேக்குதா அத்தான்?"

காதை எடுத்தார். முகம் வெளுத்திருந்தது. "இப்ப நீ கழுத்த அசச்சியா?"

"இல்லியே."

பட்டையை இறுக்கிக் கட்டினார். "அசையாம இங்கனயே இரு. கார எடுத்துட்டு வாரேன்." கார் அடுத்த தெருவில், அவர் தம்பி வீட்டில் நின்றது.

சும்மா இருந்தால் காது கழுத்துக்குள்ளேயே போகும் என்று பயந்து, ஆஸ்பத்திரிக்குக் கட்டிப்போக ஒரு சேலையை மேசையில் விரித்து இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள். பட்டை தாடையைத் தூக்கிப் பிடித்திருந்ததால் கீழே பார்க்க முடியவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே தேய்த்தாள். ஒரு தடவை. இரண்டு தடவை.

'டிக்.' கொஞ்சம் பலமாக.

அப்புறம் சத்தமே இல்லை. அது ஆறுதலாகக்கூட இருந்தது.

பிறகு வாடை. சேலை கருகுகிறது என்று நினைத்தாள். துணி வாடை இல்லை. முடி பொசுங்குகிற மாதிரி. இறைச்சி மாதிரி. பெட்டியைத் தூக்கப் பார்த்தாள். கை எங்கே இருக்கிறது?

வாசலில் ஹாரன்.

கால்கள் தாமாக மடங்கின. சரிந்தாள். தாடை மேசை விளிம்பில் மாட்டி நின்றது. அப்போதுதான் பார்த்தாள்.

பெட்டிக்கு அடியில் அவளுடைய இடது கை. விரல்கள் விரிந்தபடி. விரலிடுக்குகளில் நீலப்புகை.

வலிக்கவில்லை.