உறைக்குள் உறங்கிய பட்டை

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் நெருங்கி உட்காருங்கள். ஓர் அக்காவின் கதை சொல்கிறேன்.

மழைக்காட்டு மரப்பட்டைகளில் சாம்பல் தேமல் போலப் படரும் லைக்கன்களை உலர்த்தி, காகித உறையில் மடித்து, சீட்டெழுதி வைப்பது அவள் வேலை. அன்று பிற்பகல் இழுப்பறையைத் திறந்தால் ஓர் உறை மட்டும் நனைந்திருந்தது. ஈரம் என்பதே அண்டாத அறை அது. ஆனாலும் அந்த உறையிலிருந்து அழுகிய இலையும் மண்ணும் நனைந்த தலைமுடியும் கலந்த வாசனை மெல்ல எழுந்து, அவள் மூக்கோடு ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது.

"இதுக்கு நீங்க தண்ணி விட்டீங்களா?" என்று கேட்டாள்.

காய்ந்த லைக்கனில் ஒரு சொட்டு விட்டால் பச்சை பூக்கும். உயிர் இருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார்கள்.

"எனக்குக் குடிக்கவே தண்ணி இல்ல, இதுல உங்க பாசிக்கு வேறயா?" பக்கத்து மேஜைக்காரர் சிரித்தபடி வீட்டுக்குக் கிளம்பிப் போனார்.

அந்த நனைந்த உறைக்குள் இருந்தது அவள் தங்கை கண்டுபிடித்த இனம். ஆறு வருடத்துக்கு முன், மரத்தில் ஏறிப் பட்டையைச் செதுக்கும்போது கிளை முறிந்து தங்கை விழுந்தாள். மூடிய கைக்குள் பட்டை. அக்கா முதலில் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பட்டையை எடுத்து, நொறுங்காமல் உறையில் மடித்தாள். தொழில் புத்தி. அதன் பிறகுதான் தங்கைக்கு மூச்சு இருக்கிறதா என்று பார்த்தாள். கன்னம் இன்னும் சூடாக இருந்தது, மூச்சு இல்லை.

சீட்டில் 'கண்டெடுத்தவர்' என்ற இடத்தில் தன் பெயரையே எழுதினாள். செத்தவளுக்கு எதற்குப் பெயர்? நாளை அந்த இனம் அக்காவின் பெயரோடு புத்தகத்தில் அச்சேறுகிறது.

கைபேசி அடித்தது. அம்மா.

"நாளைக்குப் புஸ்தகத்துல வருதாமே. சின்னவ பேரு இருக்குமில்லடி?"

"இருக்கும்மா."

"சத்தியமா?"

"சத்தியமாம்மா."

வைத்த பிறகு உள்ளங்கை அரித்தது. விரித்துப் பார்த்தாள். சாம்பல் திட்டு. நடுவே மயிரிழை போலக் கறுப்புக் கோடுகள். தேய்த்தாள், போகவில்லை. கத்தியால் சுரண்டினாள். ரத்தம் வரவில்லை. மரத்தூள் வந்தது.

ஆறு வருடம் அழாதவளுக்கு அப்போது கண்ணீர் வந்தது. ஒரு சொட்டு, கையில் விழுந்தது.

பச்சை பூத்தது.

கையை இறுக மூடிக்கொண்டாள். மரமே இல்லாத அறையில் கிளை முறிந்தது. தரையில் விழுந்து கிடந்தாள். குளிர்ந்த, நனைந்த விரல்கள் அவள் சுண்டுவிரலைப் பிரித்தன. பிறகு மோதிர விரலை. அவசரமே இல்லை. நொறுங்காமல். தலைமாட்டில் காகிதம் மடியும் சரசரப்பு. சீட்டில் பேனா ஓடும் சத்தம்.

அவளுக்கு மூச்சு இருக்கிறதா என்று மட்டும் இன்னும் யாரும் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டில், விழுந்தவரைத் தூக்கவே முதல் கை நீளட்டும். நன்றாக இருங்கள், தங்கங்களே.