சொந்தப் பெயரில் ஒரு ஹேக்கர்

குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் அப்படி ஒரு மழை... குடை இல்லாமல் இறங்கிவிட்டாள் சோபனா. வேலூர் சைபர் கிரைம் எஸ்.ஐ. என்றால் அப்போது யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். மஃப்டியில், சொட்டச் சொட்ட நனைந்து, ஈர முடியை ஒதுக்கிக்கொண்டு நின்றவளின் தலைக்கு மேலே ஒரு குடை நீண்டது.

குடைக்குக் கீழே இரண்டு கண்கள். அம்மாடி, இப்படியா பார்ப்பார்கள்!

ஒரே குடையில் நடந்தபடி விசாரித்தாள். தறிக்காரங்க தெருவில் நவீன்குமார் என்று ஒரு பையன் இருக்கானாமே, தெரியுமா?

"தெரியும். இன்னா பண்ணான்?"

"கவர்மென்ட் வெப்சைட்ல பூந்துட்டான். திருட்டுப்பய."

அந்தக் கண்கள் சட்டென்று வேறு பக்கம் திரும்பின. தெருக்கோடி வரை குடையை அவள் பக்கமே சாய்த்துப் பிடித்தபடி நடந்தான். ஒரு வீட்டுக் கதவைத் தள்ளி, "உள்ள வாங்க மேடம். நீங்க சொன்ன திருட்டுப்பய நான்தான்" என்றான்.

பூமி பிளந்து விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு.

விஷயம் இதுதான். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களின் போன் நம்பர், விலாசம் எல்லாம் ஒரு நலத்திட்ட வெப்சைட்டில் இருந்தது. அங்கே வேலை செய்யும் நவீனின் அம்மா அமிர்தவள்ளிக்குக் கண்ட கண்ட ஆட்களிடமிருந்து போன். ஒரே பேஜார். நம்பர் எப்படிப் போகிறது என்று நோண்டியவனுக்கு, அந்த சைட்டுக்குப் பூட்டே இல்லை, யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து மாற்றலாம் என்று தெரிந்தது. அந்த நலத்திட்ட ஆபீசுக்கு மெயில் போட்டான், பதில் இல்லை. சரி, காட்டினால்தான் நம்புவார்கள் என்று அம்மாவின் வயதை நூற்றைம்பது ஆக்கி, படம் பிடித்து, தன் பெயர் விலாசத்தோடு அனுப்பினான். எந்தத் திருடனாவது விலாசம் கொடுப்பானா? ஆனால் ஆபீஸ் உடனே போலீசுக்குப் போய்விட்டது.

"வேற யார் பேரையும் ஏன் தொடல?"

"எங்க ஹேக்கர் கூட்டத்து வழக்கம் மேடம். ஓட்டையைக் காட்டணும்னா சொந்த வீட்டுலதான் காட்டணும். அடுத்தவங்க வீட்டுல கை வைக்கக் கூடாது."

கேஸ் விழுந்தால் சென்னையில் அவனுக்குக் கிடைத்த வேலை போய்விடும். மன்னிச்சிடுங்க என்று ஒரு வார்த்தை... அவள் வாயில் வரவில்லையே! போலீஸ் வீம்பு. லேப்டாப்பை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் கண் கலங்கியபடியே இருந்தது.

மறுநாள் மேலதிகாரியிடம் அவள் போட்ட சண்டை இருக்கிறதே! ஓட்டையை அடைக்காமல், அதைக் காட்டினவனை உள்ளே தள்ளினால், நாளைக்கு எவன் சார் வந்து சொல்லுவான் என்று கேட்டுவிட்டாள். கடைசியில் அந்த ஆபீஸ் இறங்கி வந்தது. கம்ப்ளெய்ன்ட் வாபஸ். சைட்டுக்குப் பூட்டு. ஓட்டையைக் கண்டுபிடிப்பவர்கள் இனி பயப்படாமல் சொல்லலாம் என்று தனியாக ஒரு மெயில் ஐடியும் திறந்தார்கள். அமிர்தவள்ளியும் நிம்மதியாக போனை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வந்து நின்றாள் சோபனா. கூடவே ஆபீஸ் கொடுத்த நன்றிக் கடிதம். நவீனால் நம்பவே முடியவில்லை. கவர்மென்ட் நமக்கு நன்றி சொல்லுதா...

"எல்லாம் உங்களாலதான் மேடம். இந்த உதவிய உயிர் இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா இதுக்காக நீங்களே வரணுமா? யார்கிட்டயாவது குடுத்தனுப்பியிருக்கலாமே."

"அனுப்பியிருக்கலாம்." அவள் முகம் சிவந்தது. "அது ஆபீஸ் சொன்ன நன்றி. நான் மன்னிப்பு கேக்க வந்தேன். அப்புறம்... ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. உங்களைக் கல்யாணம் கட்டிக்கணும்னு ஆசையா இருக்கு. அதை எப்படிங்க இன்னொருத்தர்கிட்ட குடுத்தனுப்புறது?"

நவீனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எனக்கும் தூக்கம் இல்ல... சோபனா."