பிடிபடாத காபன்

"ஐயோ...! ஜோசுவா!"

ஸ்டெபனியின் அலறல் வோபர்னில் இருந்த அந்தத் தொழிற்கூடத்தின் தகரக் கூரையை அதிர வைத்தது.

நிலக்கரியிலிருந்து டீசல் எடுக்கும் கம்பெனி அது. புகையிலிருந்து பிடித்த காபன் வாயுவை, அதாவது கரியமில வாயுவை, அடைத்து வைக்கும் தாங்கி நின்ற சின்னப் பின்னறையில், இன்ஜினியர் ஜோசுவா குப்புறக் கிடந்தான்.

மூச்சு இல்லை!

கொஞ்ச நேரத்தில் டிடெக்டிவ் தனுஷிகா வந்து சேர்ந்தாள். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. மூச்சுத் திணறிய சாவு என்றார் டாக்டர்.

முதலாளி வாகீசன் கண்ணைக் கசக்கினார்.

"லீக், தங்கச்சி! தாங்கி நிறையக் காபன் வாயு... பெடியன் மாட்டுப்பட்டிட்டான்."

"ஆக்சிடென்ட்?"

"வேற என்ன?"

தனுஷிகா ஸ்டெபனியைத் தனியே அழைத்தாள். ஜோசுவாவோடு வேலை செய்தவள். அழுதழுது மூக்குச் சிவந்திருந்தது.

"அவனுக்கு ஆரோடையும் பிரச்சினையோ?"

"பாஸோடதான்! பின்னேரம் இன்வெஸ்டர்ஸ் மீட்டிங். ட்ரூத் சொல்லப்போறன் எண்டவன்."

"என்ன ட்ரூத்?"

"காபனைப் பிடிக்காட்டி எங்கட டீசல், சாதாரண டீசலைவிடச் சூழலுக்கு ரெண்டு மடங்கு மோசம். பிடிச்சா ஓரளவு சமன். ஆனா பிடிக்கிற மெஷின் கரன்டைக் குடிச்சுத் தள்ளும். விலை எகிறும். ஒருத்தரும் வாங்கமாட்டினம்!"

"அப்ப... உங்கட பாஸ் உண்மையா பிடிக்கிறவரோ?"

"தெரியாது. தாங்கிக்குக் கிட்ட எங்களை விடமாட்டார்!"

தனுஷிகா விடுவிடுவென்று தாங்கியின் பின்னால் போனாள். குனிந்தாள்.

சிரித்தாள்!

"அங்கிள், ஒருக்கா வாங்கோ. தாங்கிக்குள்ள வாயு போற இந்தக் குழாய் வாயில என்ன?"

தாங்கியைச் செய்த இடத்திலேயே போட்டனுப்பிய பிளாஸ்டிக் மூடி. சீல்கூட உடையவில்லை!

"தாங்கிக்குள்ள ஒரு நாளும் வாயு போகேல்லை. அப்ப லீக் ஆனது எது?"

வாகீசன் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

அதற்குள் வெளியே சோதனை போட்ட ஒரு கான்ஸ்டபிள் ஓடி வந்தார். வாகீசனின் காருக்குள் ஒரு சிலிண்டர்! சோடா மெஷினுக்குப் போடும் காபன் வாயு. கூடவே நீளமான ரப்பர் குழாய்.

"அவன் தாங்கியைப் பார்க்க உள்ள போக, கதவைப் பூட்டிட்டு, கதவுக்குக் கீழால வாயுவை விட்டனீங்கள். முடிஞ்சதும் பூட்டைத் திறந்து வைச்சிட்டியள். என்ன?"

வாகீசன் தொப்பென்று உட்கார்ந்தார்.

"காபனைப் பிடிக்கிறதெண்டால் செலவு கட்டாது, தங்கச்சி... அவன் வாயைத் திறந்திருந்தா எல்லாம் போச்சு..."

தனுஷிகாவின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. விலங்கை மாட்டினாள்.

கிளிக்!

"இவ்வளவு காலத்தில இந்தக் கட்டடத்துக்குள்ள பிடிபட்டது ஒண்டே ஒண்டுதான், அங்கிள்."

"எ... என்ன?"

"நீங்கள்!"